புடவைக்கு எதற்குக் கஞ்சி?

நூல் புடவை பிடிக்காத பெண்மணி அம்பத்தூரிலும் இல்லை, ஆவடியிலும் இல்லை, பூந்தமல்லியிலும் இல்லை. ஆனால் மெல்லிய கைத்தறி நூல் புடவையை நாள்தோறும் கட்டுகிறவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணி விடலாம்.

ஏன் கட்டுவதில்லை என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது.

"கட்டினா சொகமாத்தான் இருக்கு. யாரு அதுக்குக் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக்கிட்டு இருக்கறது?"

விலை அதிகம் என்று சிலர் சொல்வார்கள். பழைய மோஸ்தர் என்று சிலர் சொல்வார்கள். அவை எல்லாம் இரண்டாவது, மூன்றாவது காரணங்கள். முதல் காரணம் கஞ்சிதான். மெல்லிய கைத்தறிப் புடவையைப் பீரோவுக்குள் அடைத்து வைத்திருப்பவர் மில் முதலாளி அல்ல. பாலியஸ்டர் வியாபாரியும் அல்ல. வீட்டு அடுப்பில் கொதிக்கும் கஞ்சிப் பாத்திரம்தான் அந்த வேலையைச் செய்கிறது!

இந்தக் கஞ்சி அவசியந்தானா? யாரும் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை. அம்மா போட்டாள், மகளும் போடுகிறாள். மகளுக்கு நேரம் இல்லாமல் போனதும், கஞ்சியை விடுவதற்குப் பதில் புடவையையே விட்டு விட்டாள்.

வராத கடற்காற்று

சென்னைக்கு மேற்கே குடியிருப்பவர்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கோடையில் திருவல்லிக்கேணிக்காரருக்கு உச்சி சாயும்போதே கடற்காற்று கிடைத்து விடுகிறது. அதே காற்று நகரத்தைக் கடந்து அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் வந்து சேர நேரமாகும். சில நாள் வராமலேயே இருந்து விடும். 2003-ம் ஆண்டு மே மாதக் கடைசியில், கடலுக்குப் பக்கமான நுங்கம்பாக்கத்திலேயே வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. உள்ளே தள்ளி இருப்பவர்கள் பாட்டைச் சொல்ல வேண்டுமா?

இது உழைக்கிறவர்கள் நிறைந்த வட்டாரம். அம்பத்தூர் தொழிற்பேட்டையும், ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும், இராணுவச் சீருடை தைக்கும் உடைத் தொழிற்சாலையும் 1960-களில் வந்தவை. பட்டாபிராமில் டைடல் பூங்கா 2024-ல் திறக்கப்பட்டது. காலை எட்டு மணிக்கு இந்தப் பக்கத்து ரயில் நிலையம் எதிலாவது நின்று பார்த்தால் போதும். ஆசிரியை, நர்ஸ், குமாஸ்தா, தையல் மிஷினில் உட்காரும் பெண் என்று நடைமேடை நிறைந்திருக்கும். இவர்களில் புடவை கட்டியவர்களைக் கணக்கெடுத்தால், பலர் உடம்பில் இருப்பது பாலியஸ்டர் அல்லது பாலியஸ்டர் கலந்த துணி. தொழிற்பேட்டையில் உட்கார்ந்து வெளிநாட்டாருக்காகப் பருத்திச் சட்டை தைக்கும் பெண், தான் மட்டும் பாலியஸ்டரில் வெந்து கொண்டு வேலை செய்கிறாள். இது என்ன வேடிக்கை!

பருத்திக்கும் பாலியஸ்டருக்கும் உள்ள வித்தியாசம் வெறும் அபிப்பிராயம் அல்ல. சாதாரணக் காற்றில் தொங்கும் 100 கிராம் பருத்தி, 8 கிராமுக்கு மேல் ஈரத்தைத் தனக்குள் வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை கிராம் கூட வைத்திருக்காது. வியர்வையைப் பருத்தி குடிக்கிறது. பிறகு காற்றில் விடுகிறது. பாலியஸ்டரோ வியர்வையை உடம்போடு ஒட்ட விட்டு விட்டுத் தான் காய்ந்து போய் நிற்கிறது. துவைத்தால் சீக்கிரம் உலர்கிறதே என்று எல்லோரும் மெச்சும் குணமும், கட்டினால் புழுங்குகிறதே என்று நொந்து கொள்ளும் குணமும் ஒன்றேதான்.

சரி, இப்படிப்பட்ட பருத்திக்குக் கெட்டியாகக் கஞ்சி போட்டால் என்ன ஆகும்? இழைக்கும் இழைக்கும் நடுவே காற்று போய் வரும் சந்துகளில் பசை போய் அடைத்துக் கொள்ளும். மெல்லிய புடவை என்று தேடி வாங்கி, அதை அட்டையாக்கிக் கட்டிக் கொள்வதற்குப் பெயர் என்ன?

தறிக்குத்தான் கஞ்சி

கஞ்சிக்கு ஒரு நியாயமான இடம் உண்டு. அது தறி.

துணியில் நீளவாக்கில் ஓடும் இழைகள் பாவு. குறுக்கே நாடா கொண்டு போகும் இழை ஊடை. தறியில் பாவு இழைகள் ஆயிரக்கணக்கான தடவை மேலும் கீழும் இழுபடுகின்றன. அச்சு அடிக்க அடிக்கத் தேய்கின்றன. மெல்லிய நூல் அந்த அடியைத் தாங்காமல் அறுந்து போகும். அதற்காக நெசவாளர்கள், விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டி, அதற்குக் கஞ்சி போட்டு, நார்க் குச்சத்தால் நீவி, வெயில் ஏறுமுன் உலர்த்தி எடுப்பார்கள். குடும்பம் முழுவதும், அக்கம் பக்கத்தாரும் சேர்ந்து செய்யும் வேலை அது. மழைக்காலத்தில் தெருவில் பாவு போட முடியாமல் தறியே நின்று போவதும் உண்டு.

கடையில் புதுப் புடவையைத் தொட்டதும் மொடமொடவென்று இருக்கிறதே, அது இந்தத் தறிக் கஞ்சியின் மிச்சம். அது புடவையின் குணம் அல்ல. இரண்டு, மூன்று தடவை துவைத்தால் அது போய் விடும், போகவும் வேண்டும். அதற்குப் பிறகுதான் உண்மையான துணி வெளியே வருகிறது. "ஐயோ, புதுசு மாதிரி இல்லையே!" என்று பதறி மறுபடியும் கஞ்சியை ஊற்றுகிறவர்கள், மிட்டாயை எறிந்து விட்டுக் காகிதத்தைச் சப்புகிறவர்கள்.

இதற்கு வேறு எங்கும் போய்ச் சாட்சி தேட வேண்டாம். பிள்ளை பெற்ற வீட்டில் தூளி கட்ட எந்தப் புடவையை எடுக்கிறார்கள்? பாட்டியின் பழைய நூல் புடவையைத்தான். பச்சைக் குழந்தையைத் துடைக்க, சுற்ற, கீழே விரிக்க எல்லாவற்றுக்கும் அதுதான். ஏன்? நூறு தடவை துவைத்துத் துவைத்துக் கஞ்சி என்பதே இல்லாமல், பூ மாதிரி ஆகி விட்ட துணி அது. குழந்தையின் உடம்புக்கு எது இதம் என்று ஒவ்வொரு தாய்க்கும் தெரிகிறது. தன் உடம்புக்கு மட்டும் அட்டை வேண்டுமாம்!

கஞ்சியால் புடவைக்கு ஆயுள் கூடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மெல்லிய நூல் விஷயத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். விறைத்த இழையை மடித்து இஸ்திரி போட்டு, அதே மடிப்பில் மாதக் கணக்கில் வைத்தால், மடிப்பு ஓடிய கோட்டில் இழை முறிகிறது. பீரோவில் இருந்தபடியே நீளமாகக் கிழிந்திருக்கும் புடவைகளைப் பார்த்தால், கிழிசல் மடிப்பின் மேலேயே இருக்கும். இன்னொன்று: இராமபாணப் பூச்சிக்கு மாவுப் பசை என்றால் உயிர். கஞ்சி போட்ட புடவையைப் பெட்டியில் வைப்பது அதற்கு இலை போட்டுப் பரிமாறுவது போல. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூசணம் பூப்பதும் கஞ்சிப் புடவையில்தான் முதலில்.

எதைப் பார்த்து வாங்குவது?

கஞ்சி இல்லாமல் கட்டுவது என்று முடிவு செய்து விட்டால், வாங்கும்போதே அதற்குத் தகுந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் நூல் நம்பர். 40, 60, 80, 100 என்று கடைக்காரர் சொல்வது விலைப் பட்டியல் அல்ல. நூலின் மென்மைக் கணக்கு. ஒரு இராத்தல் எடை நூலில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை என்பதே நம்பர். கணக்குப் போட்டுப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். பாரிமுனையில் ஒரு முனையைக் கட்டி விட்டு, ஒரு இராத்தல் 40-ம் நம்பர் நூலைப் பிரித்துக் கொண்டே மேற்கே நடந்தால், பூந்தமல்லியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தீர்ந்து விடும். அதே எடை 100-ம் நம்பர் நூல் சுமார் 77 கிலோமீட்டர் ஓடும். ஏறக்குறைய காஞ்சிபுரத்தையே எட்டி விடும்! அத்தனை மெல்லிசு.

நூறுக்கு ஆசைப்படுவது இயல்பு. ஆனால் ரயிலில் போய், நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, வாரம் ஒரு முறை துவைக்கிற புடவைக்கு 80-ம் நம்பரே நல்லது. நூறு, நூற்றிருபது எல்லாம் கோயிலுக்கும் கச்சேரிக்கும் ஆகும். 80-ம் நம்பர் புடவை அரைக் கிலோவுக்குள் அடங்கும். பாரமும் தெரியாது, பட்டென்று கிழியவும் செய்யாது.

இரண்டாவது, கட்டம் அல்லது கோடு. இது மிக முக்கியம். கஞ்சி இல்லாத நூல் புடவை கசங்கத்தான் செய்யும். ஒரே வெளிர் நிறத்தில் வெறுமையாக இருந்தால் ஒவ்வொரு கசங்கலும் கண்ணில் படும். சின்னக் கட்டமோ, மெல்லிய கோடோ இருந்தால் கசங்கல் அதற்குள் ஒளிந்து கொள்ளும். கட்டம் போட்ட கண்டாங்கியை வயலுக்கும் சந்தைக்கும் கட்டிய செட்டிநாட்டுப் பெண்கள் இஸ்திரிப் பெட்டியைத் தேடியதில்லை. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது கொஞ்சம் கனத்த துணி. ஆனால் கட்டத்தின் உபகாரம் மெல்லிய துணிக்கும் அதேதான்.

கரை சிறியதாக, நூல் கரையாக இருக்கட்டும். கனத்த ஜரிகைக் கரை மெல்லிய உடலைக் கீழே இழுத்துத் தொங்க விடும். புட்டா போட்ட புடவையானால் பின் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பின்னால் இழைகள் வெட்டாமல் நீளமாகத் தொங்கினால், கால் மெட்டியிலும் கைப்பையின் ஜிப்பிலும் மாட்டிக் கொண்டு வரும்.

புடவையின் ஒரு மூலையை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துக் கசக்கினால் வெள்ளையாகப் பொடி உதிர்கிறதா? அப்படியானால் நெருக்கமில்லாத நெசவைக் கஞ்சியால் நிரப்பி இருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு துவையலில் அது சல்லடையாகும்.

கைத்தறிதானா என்று கண்டுபிடிப்பது எளிதல்ல. கைத்தறிக்கென்று சில இரகங்களை ஒதுக்கி 1985-ல் சட்டம் வந்தது. முதலில் 22 இரகங்கள். 1996-ல் 11 ஆகக் குறைத்து விட்டார்கள். புடவை இன்னும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் விசைத்தறிப் புடவை கைத்தறிப் பெயரில் விற்பது நிற்கவில்லை. ஓரத்தைப் பார்ப்பது ஒரு வழி. துணியை அகலத்தில் இழுத்துப் பிடிக்க நெசவாளர் வைக்கும் குச்சியின் ஊசி முனைகள், இரண்டு ஓரங்களிலும் இடைவெளி விட்டு விட்டுச் சிறு துளைகளைப் பதித்திருக்கும். மிஷினில் ஓடிய துணியில் இந்த இடைவெளி இராது. துளைகள் ஒரே சீராக ஓடும். 2006-ல் வந்த கைத்தறி முத்திரைச் சீட்டு இருந்தால் இன்னும் நல்லது. பாலியஸ்டர் கலந்திருக்கிறது என்று சந்தேகமா? முந்தானைக் குஞ்சத்தில் ஒரு இழையை உருவி, வீட்டில் தீக்குச்சியில் காட்டினால் போதும். பருத்தி காகிதம் போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுத்த மணியாக உருளும்.

ஆவடி என்றதும் 1955 ஜனவரியில் அங்கே நடந்த காங்கிரஸ் மகாநாட்டைப் பெரியவர்கள் நினைப்பார்கள். சோஷலிச பாணி சமுதாயத் தீர்மானம் பிறந்த இடம். அந்த மேடையை நிறைத்தது கதர். கதர் வேறு, கைத்தறி வேறு. கதரில் நூலும் கையால் நூற்றது. கைத்தறியில் நூல் மில்லிலிருந்து வரும், நெசவுதான் கையால். மெல்லிய, சீரான புடவை வேண்டுமென்றால் கைத்தறியே வசதி. அதற்காக வெகு தூரம் அலைய வேண்டாம். திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பெரியபாளையம் பக்கத்து ஆரணி என்று தறி ஊர்கள் உண்டு. இவற்றில் பல இடங்களில் விசைத்தறியின் சத்தம்தான் இப்போது ஓங்கி இருக்கிறது என்பது வேறு கதை. ஆந்திர எல்லையைத் தாண்டினால் வெங்கடகிரி. 100-ம் நம்பர் நூலுக்குப் பெயர் போன ஊர். தெற்கே அருப்புக்கோட்டையும் பரமக்குடியும் அனுப்பும் நூல் புடவைகள் கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் கிடைக்கும்.

சாயம் போனால்?

வாங்கி வந்த உடனே ஃபால்ஸ் வைக்கக் கொடுத்து விடுவது பெரும்பாலோர் வழக்கம். கூடாது. நூல் துணி முதல் துவையலில் சுருங்கும். முன்பே ஃபால்ஸ் தைத்து விட்டால், புடவை ஒரு பக்கம் சுருங்க, ஃபால்ஸ் துணி சுருங்காமல் நிற்க, கீழ்ப் பக்கம் முழுவதும் நெளிநெளியாக இழுத்துக் கொள்ளும். புடவையையும் ஃபால்ஸ் துணியையும் தனித்தனியாக ஒரு தடவை நனைத்து உலர்த்திய பிறகே தையல்காரர் கைக்குப் போக வேண்டும். ஃபால்ஸ் துணியும் பருத்தியாகவே இருக்கட்டும்.

சென்னைப் பட்டணமே துணியால் பிறந்த ஊர். 1639-ல் கம்பெனிக்காரன் இங்கே இடம் பிடித்தது துணி வாங்குவதற்காக. 1734-ல் நெசவாளர்களைக் குடி வைத்ததால் உண்டானது சின்னத்தறிப்பேட்டை, இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. துணி வெளுத்தவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. இந்த ஊர்த் துணிக்குச் சாயத்தால் வந்த புகழும் உண்டு, கேலியும் உண்டு. 1950-களின் கடைசியில் 'மெட்ராஸ்' என்ற பெயரிலேயே கட்டம் போட்ட துணி அமெரிக்காவுக்குப் போயிற்று. அங்கே துவைத்ததும் சாயம் ஒன்றோடொன்று ஓடிக் கலந்தது. வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். வியாபாரிகள் அசரவில்லை. சாயம் போவதற்கு நாங்கள் உத்தரவாதம் என்று விளம்பரமே செய்து, அதையே நாகரிகமாக்கிக் காசு பார்த்து விட்டார்கள்!

அம்பத்தூரில் அந்த விளம்பரம் எடுபடாது. வெள்ளை இரவிக்கையில் சிவப்பு ஏறினால் ஏறியதுதான். ஆகவே கடையிலேயே வெள்ளைக் கைக்குட்டையின் நுனியை நனைத்து, முந்தானையின் உள் பக்கம் தேய்த்துப் பார்த்து விடலாம். வெட்கப்பட வேண்டியதில்லை. முதல் மூன்று துவையலுக்குத் தனியாக, பச்சைத் தண்ணீரில், ஊற வைக்காமல் அலச வேண்டும். கல் உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பது பரம்பரை நம்பிக்கை. அந்த வாளித் தண்ணீரில் சாயம் கொஞ்சம் குறைவாக ஓடும், அவ்வளவே. சரியாக ஏறாத சாயத்தை உப்பால் பிடித்து நிறுத்த முடியாது.

பிறகு என்ன? லேசான சோப்புத் தூள், கையால் கசக்கல், நல்ல அலசல். கல்லில் அடிக்க வேண்டாம். ஆழ்குழாய்த் தண்ணீர் கடினமாக இருக்கும் வீடுகளில் கட்டி சோப்புப் போட்டால் நுரைக்காமல் வெள்ளைப் படிவாகத் துணியில் ஒட்டும். கஞ்சி போடாமலே புடவை விறைப்பாகவும் மங்கலாகவும் ஆவது அதனால்தான். அங்கே கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் ஒரு வாளி வேண்டும்.

உலர்த்துவதில்தான் இரகசியம் இருக்கிறது. தண்ணீர் சொட்டச் சொட்டவே, பிழிந்து முறுக்காமல், நீளமாகக் கொடியில் நிழலில் போட்டால் பாதிக் கசங்கல் தண்ணீரின் கனத்திலேயே நீங்கி விடும். முக்கால் பங்கு உலர்ந்ததும் எடுத்து, இரண்டு பேர் இரண்டு முனையையும் பிடித்து, ஒரு உதறு. நேராக ஒரு இழுப்பு. பிறகு கைகளால் தடவி மடித்துக் கொடியிலேயே போட்டு விட்டால் இஸ்திரியே வேண்டாம் என்கிற அளவுக்கு வரும். முன்பெல்லாம் திண்ணையில் மாமியாரும் மருமகளும் சண்டை போட்ட நாளில் கூட இந்த ஒரு வேலையைச் சேர்ந்தே செய்தார்கள். இன்று வீட்டில் இரண்டாவது ஆள் இல்லையென்றால், ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிக் கொள்ளலாம்.

ரயிலில் கசங்காதா?

"என்னம்மா, இப்படிக் கசங்கின புடவையோட ஆபீசுக்குப் போறே?"

"போகட்டும் அத்தை! மின்சார ரயில்ல ஏறினா அஞ்சு நிமிஷத்துல எப்படியும் கசங்கத்தானே போகுது!"

மருமகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கஞ்சிப் புடவை கசங்கினால் முறிந்த முறம் போல் கோடு கோடாகத் தெரியும். கஞ்சி இல்லாத புடவையின் கசங்கல் மெத்தென்று இருக்கும். வேலை இடத்தில் ஒரு முறை நின்று நீவி விட்டுக் கொண்டால் பாதி மறையும்.

கட்டுவதிலும் ஒன்றிரண்டு மாற்றம் வேண்டும். கஞ்சி இல்லாத மெல்லிய புடவையில் எட்டு, ஒன்பது என்று பொடிக் கொசுவம் வைத்தால் நிற்காது. ஐந்து போதும், அகலமாக வைத்தால் அழகாக விழும். உள்பாவாடை பருத்தியாக இருக்க வேண்டும். வழவழப்பான பாலியஸ்டர் பாவாடையின் மேல் மெல்லிய புடவை நழுவிக் கொண்டே இருக்கும். பழி புடவை மேல் விழும். ஊக்கு குத்துவது கரையின் கெட்டியான பகுதியில் மட்டும். நடு உடலில் குத்தினால் ரயில் நெரிசலில் ஒரே இழுப்பில் கிழியும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பாலியஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக் கொள்ளும் என்பதைப் பலர் அறிவார்கள். அதற்காகப் பருத்தி பத்திரம் என்று எண்ணி விடக் கூடாது. மெல்லிய நூல் துணி வெகு வேகமாகப் பற்றிக் கொள்ளும். அடுப்பங்கரையில் முந்தானை இடுப்பில்தான் இருக்க வேண்டும். சுழலும் மிஷின் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு எந்தப் புடவையுமே ஆகாது. அங்கே இந்தப் பேச்சே வேண்டாம்.

விறைப்பான புடவைக்கு ஒரு கம்பீரம் இல்லையா, பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவை நினைத்தாலே அந்தக் கஞ்சிப் புடவைதானே கண் முன் வருகிறது என்று கேட்கலாம். உண்மைதான். ஆண்டு விழா, கல்யாணம் என்று வருஷத்தில் நாலு நாள் நீர்க்கக் கரைத்த கஞ்சியில் தோய்த்துக் கட்டட்டும். மறுநாளே துவைத்துக் கஞ்சியைப் போக்கி விட்டு உள்ளே வைக்கட்டும். மற்ற நாட்களில் டீச்சரம்மாவின் கம்பீரம் அவர் குரலில் இருந்தால் போதாதா?

இரண்டாவது புடவை

இதில் வீட்டுச் சௌகரியம் மட்டும் அடங்கி இருக்கவில்லை.

1952, 53-ல் தமிழ்நாட்டுத் தறிகளில் துணி தேங்கிப் போய் நெசவாளர்கள் பட்டினியில் விழுந்தார்கள். அன்றைய முதல்வர் ராஜாஜி, வேட்டியையும் புடவையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசோடு வாதாடினார். அண்ணாவும் தோழர்களும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றார்கள். கட்சி வேறானாலும் கவலை ஒன்றாக இருந்தது. 1953-ல் மில் துணிக்குக் கஜத்துக்கு மூன்று பை வரி போட்டுக் கைத்தறி, கதருக்கு நிதி திரட்டினார்கள். அன்று தொடங்கி இன்று வரை சொல்லப்படுவது ஒன்றுதான்: நெசவாளருக்கு உதவுங்கள். 2015-ல் ஆகஸ்டு 7-ந் தேதியைத் தேசியக் கைத்தறி நாள் ஆக்கி, முதல் விழாவைச் சென்னையிலேயே நடத்தினார்கள். அந்த நாளில் எல்லோரும் ஒரு கைத்தறிப் புடவை கட்டிப் படம் எடுத்துக் கொள்கிறார்கள். தீபாவளிக்குத் தள்ளுபடி வந்தால் இன்னொன்று வாங்குகிறார்கள். இரண்டும் பீரோவுக்குள் போய் விடுகின்றன.

2019-20-ல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நெசவாளர்களும் சார்புத் தொழிலாளர்களும் சேர்ந்து 35 லட்சத்துக்கு மேல். பெரும்பாலோர் பெண்கள். இந்தக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. அறுபது, எழுபது வருஷம் இரக்கத்தால் விற்ற பிறகு இதுதான் நிலைமை.

இரக்கம் முதல் புடவையை விற்கும். இரண்டாவது புடவையை விற்பது சுகம்தான். திங்கட்கிழமை கட்டி, துவைத்து, வியாழக்கிழமை மறுபடியும் கட்டினால்தான் புடவை தேயும். தேய்ந்தால்தான் இன்னொன்று வாங்கத் தோன்றும். அதுவும் தீபாவளிக்குக் காத்திராமல், பங்குனியிலும் ஆவணியிலும் தோன்றும். தறிக்காரருக்கு வேண்டியது வருஷம் பூராவும் ஓடும் வேலை. ஒரு மாதத்து ஓட்டமும் பதினொரு மாதத்துக் காத்திருப்பும் அல்ல.

விலைக் கணக்கும் இதில் அடங்கும். 1,500 ரூபாய்ப் புடவையை வருஷத்துக்கு மூன்று தடவை என்று இரண்டு வருஷம் கட்டினால் ஒரு தடவைக்கு 250 ரூபாய். வாரம் ஒரு தடவை இரண்டு வருஷம் கட்டினால் 15 ரூபாய்க்கும் குறைவு. ஒவ்வொரு தடவையும் கஞ்சிக்கும் இஸ்திரிக்கும் கொடுப்பது அதை விட அதிகமாகி விடும் போலிருக்கிறது!

கடைக்காரர்களும் ஒரு காரியம் செய்யலாம். இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் விறைத்து நிற்பதெல்லாம் புதுப் புடவைகள். தொட்டுப் பார்க்கிறவர், இது எப்போதும் இப்படித்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறது என்று எண்ணிக் கொண்டு போகிறார். ஒவ்வொரு இரகத்திலும் ஒரு புடவையை எடுத்து, இருபது தடவை துவைத்து, கஞ்சி போடாமல், இஸ்திரி போடாமல், புதுசுக்குப் பக்கத்திலேயே தொங்க விடட்டும். வருகிறவர்கள் இரண்டையும் தொட்டுப் பார்க்கட்டும். சாயம் நிற்கிறதா, நெசவு நிற்கிறதா, துணி எவ்வளவு மெத்தென்று ஆகிறது என்று அங்கேயே தெரிந்து விடும். இரகத்துக்கு ஒரு புடவை நஷ்டம். கோ-ஆப்டெக்ஸ் 1935 முதல் இருக்கும் ஸ்தாபனம்; அதற்கு இது பெரிய செலவல்ல. அம்பத்தூர் பக்கம் ஒரு கடையில் ஆரம்பித்துப் பார்க்கலாம்.